இருநாழி நெல்லும் கடை மகமையும்

காஞ்சிக் காமக்கோட்டத்து அம்மை இருநாழி நெற்கொண்டு முப்பத்திரண்டு அறமும் வளர்த்தாள் என்பது தமிழ்நாட்டார் நெடுங்காலமாகப் போற்றிவரும் செய்தி. சேக்கிழார் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்துள் காஞ்சிமாநகரின் சிறப்பை விரிக்குமிடத்து, அம்மை புரக்கும் இவ்வறங்களைத் தொகையாகச் சுட்டுவர். அபிராமி பட்டர் தம் அந்தாதியில் ஐயன் அளந்துதவிய இருநாழியை நினைவுகூர்வர். திருவையாற்றில் எழுந்தருளியுள்ள அம்மைக்கு அறம்வளர்த்த நாயகி என்பதே திருப்பெயர். அறங்கள் முப்பத்திரண்டையும் பெயரிட்டு எண்ணும் பட்டியல் பிற்காலத் தொகைநூல்களில் சிற்சில வேறுபாடுகளோடு காணப்படுகின்றது. பலரும் அதனை மனப்பாடமாகச் சொல்லிக் கடந்துவிடுவரேயன்றி, அதன் உறுப்புகளை நின்று நோக்குவார் சிலரே.

அப்பட்டியலில் ஆதுலர்க்குச் சாலை, ஓதுவார்க்கு உணவு, தண்ணீர்ப்பந்தல், மடம், தடம், சோலை முதலியன உள்ளன. ஆவுரிஞ்சு தறியும் உண்டு. கண்ணாடியும் காதோலையும் தலைக்கெண்ணெயும் உண்டு. இவற்றினிடையே மகப்பெறுவித்தல், மகவு வளர்த்தல், மகப்பால் வார்த்தல் என மூன்று அறங்கள் இடம்பெற்றுள்ளன. பேறுகாலத்துத் தாய்க்குத் துணைநிற்றல் ஓர் அறம். பிறந்த மகவைப் பேணுதல் பிறிதோர் அறம். தாயை இழந்ததோ தாய்க்குப் பால் சுரவாததோ ஆகிய மகவுக்குப் பால் அளித்தல் மற்றோர் அறம். நோய்மருந்து என்பது தனியே எண்ணப்பட்டிருத்தலின், பேறுகாலப் பணியை நோய்தீர்க்கும் பணியின் கூறாகப் பட்டியலைத் தொகுத்தோர் கருதவில்லை என்பது தெளிவு. மகப்பேறு நோயன்று, ஆயினும் பிறர் துணையை வேண்டி நிற்பது. அத்துணை உறவினர் கடமையாக மட்டும் அமையாது ஊரார் அறமாகவும் அமைதல் வேண்டும் என்ற எண்ணம் இப்பகுப்பில் பொதிந்துள்ளது.

இங்கு இரண்டு செய்திகளைப் பிரித்துணர்தல் வேண்டும். எவ்வெவற்றுக்குக் கொடுப்பது என்பது ஒன்று; எதனைக் கொண்டு கொடுப்பது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை முப்பத்திரண்டு அறம். பின்னதற்கு விடை இருநாழி நெல். அம்மைக்கு ஊர் விட்டதாகவோ பொற்குவை அளித்ததாகவோ மரபு கூறவில்லை. ஒரு மனைக்கு அளந்துவிடும் அளவினதாகிய சிறுமுதலே கூறப்பட்டது. சிறிது சிறிதாக, ஆனால் இடையறாது வருவதைக் கொண்டே பேரறம் நடத்தலாம் என்பது இக்கதையின் உட்கிடை. இனி, வரலாற்றில் அவ்வாறு நடந்ததா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா. தமிழ்நாட்டு வணிகர் தம் விற்பனையினின்றும் சிறுபங்கு ஒதுக்கி அறம் வளர்த்தமைக்குச் சான்றுகள் பல உள. அச்சிறுபங்கு தாயையும் சேயையும் சென்றடைந்ததா? அடையவில்லையெனின் ஏன்?

முதற்கண் சாலையைப் பற்றிய சொல்லாராய்ச்சி சிறிது வேண்டும். ஆதுரர் என்னும் வடசொல் நோயுற்றாரைக் குறிப்பது. அது தமிழில் ஆதுலர் என வழங்கும்போது வறியவர் என்ற பொருளையும் ஏற்றது. நோயாளரும் வறியவரும் ஒரு சொல்லுள் அடங்கியமையால், ஆதுலர்சாலை என்பது மருந்து மட்டும் கொடுக்கும் இடமன்று, சோறும் இடமும் கொடுக்கும் இடம் என்பது பெறப்படும். தஞ்சையில் தன் தந்தையின் பெயரால் அமைந்த சுந்தரசோழ விண்ணகர ஆதுலர்சாலையின் மருத்துவனுக்குக் குந்தவைப் பிராட்டி நிலக்கொடை அளித்தமை கல்வெட்டால் அறியப்படுகின்றது.

ஆதுலர்சாலையின் உள்ளமைப்பை நமக்கு விளங்கக் காட்டுவது திருமுக்கூடல் கல்வெட்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்வூர்ப் பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திரன் காலத்தில் பொறிக்கப்பட்டது அது. அங்கிருந்த சாலைக்கு வீரசோழன் என்பது பெயர். நோயாளர் கிடக்க 15 கட்டில்கள்; மருத்துவன் ஒருவன்; சல்லியக்கிரியை செய்வான் ஒருவன்; மருந்துக்கு வேண்டும் பச்சிலையும் விறகும் கொணர்வார் இருவர்; நோயாளர்க்கு மருந்தூட்டிப் பரிகாரம் செய்யும் பெண்டிர் இருவர்; நாவிதன் ஒருவன்; நீர் கொணர்வான் ஒருவன். நோயாளர் உணவுக்குரிய அரிசியும் இரவில் எரியும் விளக்குக்குரிய எண்ணெயும்கூட விடாது குறிக்கப்பட்டுள்ளன. ஆண்டு முழுமைக்கும் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபதின் பெயர்களும் உள. சாலை அமைந்திருந்த சனநாத மண்டபத்தை எடுப்பித்தவன் மாதவன் தாமயன் என்னும் வைசியன் என்பது நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத குறிப்பு. ஆகவே மருத்துவத்திற்கும் வணிகர் பொருளுக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று.

ஆனால் அப் 15 கட்டில்களும் யாருக்குரியன? அக்கோயிலில் வேதமும் வியாகரணமும் பிறவும் கற்ற மாணாக்கர்க்கும், கோயிற்பணி செய்வார்க்கும் உரியன. மருந்தூட்டும் பெண்டிர் இருவர் உளர். மகவீன்ற பெண் ஒருத்திக்கு அங்கு இடம் இருந்ததாகக் கல்வெட்டில் குறிப்பில்லை. பணிசெய்யும் நிலையில் பெண் சாலைக்குள் புகுந்தாள். பணிபெறும் நிலையில் புகவில்லை.

ஈண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயனுடைத்து. மருத்துவனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும், அதன்மேல் 8 காசும் வகுக்கப்பட்டன. 8 நாழி 1 குறுணி, 12 குறுணி 1 கலம் என்ற வாய்பாட்டின்படி ஒரு கலம் 96 நாழி. 90 கலம் 8640 நாழி. நாள்தோறும் இருநாழி ஒதுக்கும் ஒரு மனை ஆண்டொன்றுக்கு 730 நாழி, அஃதாவது 7 கலத்திற்குச் சற்று மிகுதியாகச் சேர்க்கும். எனவே 12 மனைகள் நாளும் இருநாழி எடுத்துவைப்பின் திருமுக்கூடல் மருத்துவனின் நெற்கூலி நிறைந்துவிடும். நாளும் இருநாழி நெல் எளிய மனைக்குப் பெருஞ்சுமை என்பது உண்மையே. அதனைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பின் 120 மனைகள் வேண்டும். அது நடுத்தர ஊர் ஒன்றின் அளவேயாகும். அம்மையின் இருநாழியைப் புராணப் புனைவு என்று தள்ளிவிடுவார் இக்கணக்கை நோக்குவாராக.

மகப்பேற்றுக்கெனத் தனிச்சாலை அமைந்தமைக்குத் தென்னாட்டில் நமக்குக் கிடைக்கும் தெளிவான பழஞ்சான்று தமிழ்நாட்டினதன்று, தெலுங்கு நாட்டினது. கிருட்டிணையாற்றின் தென்கரையில் குண்டூர்ப் பகுதியைச் சார்ந்த மல்காபுரத்தில் 1261-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றுளது. காகதீய மன்னன் கணபதிக்கு ஆசானாக விளங்கிய விசுவேசுவர சிவாசாரியர்க்கு, அவன் மகள் உருத்திரமாதேவி மந்தடம் என்னும் ஊரை அளித்த செய்தியைக் கூறுவது அது. ஊர் வருவாயை மூன்று பங்காக்கி, ஒரு பங்கு சிவன் கோயிலுக்கும், ஒரு பங்கு மாணாக்கரும் சைவத் துறவியரும் வாழும் மடத்துக்கும், எஞ்சிய பங்கு பிரசூதிசாலை, ஆரோக்கியசாலை, சத்திரம் ஆகிய மூன்றுக்கும் எனச் சிவாசாரியர் வகுத்தார். பிரசூதிசாலை என்பது மகப்பேற்று இல்லமே. மடமும் கோயிலும் பெற்ற பங்கைவிட இது பெற்றது மிகச் சிறிது. ஆயினும் வருவாய்த் திட்டம் ஒன்றில் பெயர் சுட்டி இடம் கொடுத்தமை பெரிது. கொடை அளித்தவள் அரசி என்பதனால் இவ்விடம் கிடைத்தது என்று கூற நமக்கு விருப்பம் எழலாம். ஒரே சான்று கொண்டு விதி வகுத்தல் ஆராய்ச்சி முறையன்றாதலின் அவ்விருப்பத்தை அடக்கிக்கொள்ளுதல் நன்று. ஒன்று மட்டும் கூறலாம்: இங்கும் முதல் ஊர்நிலத்தின் வருவாயே, கடைத்தெருவின் சிறுபங்கு அன்று.

இனிக் கடைத்தெருவுக்கு வருவோம். பூம்புகார் வணிகர் கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறையாமலும் நடுவுநிலை நின்றதைப் பட்டினப்பாலை பாராட்டும். மணிமேகலையை இயற்றிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். தவசதானியங்களை அளந்து விற்றவர். பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியைக் காப்பியத்தின் நடுநாயகமாக வைக்கும் எண்ணம் நெல்லும் பயறும் அளந்த கைக்கே தோன்றியது பொருத்தமே. அப்பாத்திரத்தில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. வணிகனாகிய சாதுவனின் மனைவி. அமுதசுரபிக்கு முன்னர் உரியவனான ஆபுத்திரனோ பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டு, பசு ஒன்று பாலூட்டக் காக்கப்பட்டவன். மகப்பால் வார்த்தல் என்னும் அறத்தை மாந்தர் மறந்த இடத்து ஆ செய்தது எனச் சாத்தனார் காட்டினார் என்று கொள்ளுவதில் இழுக்கில்லை.

விற்பனைப் பொருளின்மீது அறத்தின்பொருட்டு வணிகர் தாமே விதித்துக்கொண்ட பகுதிக்குக் கல்வெட்டுகளில் பட்டணப்பகுடி என்று பெயர். நானாதேசித் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் கூடி இதனை வகுத்தனர். தேவாரத்துள் திருக்கொடுங்குன்றம் எனப்படும் பிரான்மலையில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உப்பு, நெல், அரிசி, பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம், இரும்பு, பஞ்சு, நூல், புடைவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு எனத் தொடங்கிக் குதிரை யானை ஈறாகப் பொருள்கள் அடுக்கப்பட்டு, பொதிக்கு இவ்வளவு, கட்டுக்கு இவ்வளவு எனப் பகுதி வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றின்மீதும் விழுவது மிகச் சிறுதொகை. சந்தையின் பரப்பு முழுதும் சேர்ந்தபோது அது கோயில் திருப்பணிக்குப் போதிய நிதியாயிற்று. அரசன் ஆணையால் வந்த வரியன்று இது. வணிகர் தம்முள் உடன்பட்டு, தம்மைத் தாமே கட்டிக்கொண்டது. இந்நெறியே பிற்காலத்து மகமையாக வளர்ந்தது.

மகமை என்றும் மகிமை என்றும் இச்சொல் வழங்கும். இதன் நடைமுறையைத் தென்பாண்டி நாட்டு நாடார் பேட்டைகளில் நன்கு காணலாம். 19-ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் வணிகப் பேட்டைகளை நிறுவினர். வண்டிமாடு கட்டவும் சரக்கை இறக்கி வைக்கவும் இடம் தந்த அப்பேட்டைகளில் விற்கும் சரக்கின்மீதும் வாங்கும் சரக்கின்மீதும் மகமை தண்டப்பட்டது. உறவின்முறை என்னும் அவை அதனைக் காத்து, கோயிலும் கிணறும் சத்திரமும் அமைத்தது. பின்னர்ப் பள்ளிக்கூடமும் அமைத்தது. விருதுநகர்ச் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் அவ்வாறு தோன்றியது. காமராசர் பயின்ற அப்பள்ளிக்கு மகமையோடு பிடியரிசியும் துணைநின்றது. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் எடுத்து வைப்பது மனைதோறும் வழக்கமாயிற்று. சேர்ந்ததைப் பள்ளிக்கெனத் தொகுத்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தாரும் தம் வட்டித்தொழிற் கணக்குகளில் மகமைக்கெனப் பற்று ஒதுக்கிவந்தனர். கடல்கடந்த நாடுகளில் கோயிலும் நகரவிடுதியும் அதனால் நடந்தன.

பிடியரிசியை எடுத்து வைத்த கை எவர் கை? அடுக்களையில் நின்ற பெண்ணின் கை. காஞ்சி அம்மையின் இருநாழி மரபு உயிரோடு நின்றது அவ்விடத்திலேதான். அரிசி பெண் கையால் சேர்ந்தது. அதனை எதற்குச் செலவிடுவது என்று உறுதிசெய்த அவை ஆடவர் அவை. உறவின்முறையில் தலைக்கட்டு என்று எண்ணப்பட்டவர் ஆடவரே. ஆதலின் ஆடவர் கண்ணுக்குப் புலனாகிய குறைகளான குளம், சத்திரம், கோயில், மகனுக்குப் பள்ளி ஆகியன முன்நின்றன. அறைக்குள் நிகழ்ந்த குறை அவையில் பேசப்படவில்லை.

இதனைக் குற்றச்சாட்டாக மட்டும் உரைப்பின் வரலாறு முழுமை பெறாது. பிள்ளைப்பேறு மனைக்குள் நிகழ்வது என்பது அக்காலத்து உலகெங்கும் இருந்த நிலை. ஊர் மருத்துவச்சி வந்து பேறு பார்ப்பாள். அவளுக்கு நெல்லும் துணியும் வெற்றிலைபாக்கில் வைத்த காசும் கொடுப்பர். செல்வர் மனையாயின் மிகுதியும், வறியவர் மனையாயின் குறைவும் கிடைக்கும். ஊர்ப் பொதுப்பொருளுக்கு அங்கு வேலையில்லை. பேறுற்ற மனைக்குத் தீட்டு உண்டு என்ற கொள்கை, கோயிலையும் திருவிழாவையும் நடுவாகக் கொண்ட மகமை நிதியினின்றும் அப்பணியை மேலும் விலக்கியது. மருத்துவச்சி பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலத்தவளாக இருந்தமையும் கருதத்தக்கது. உயிரைக் கையில் ஏந்திய அவள் ஊரவை முன் நின்று கூலி கேட்கும் நிலையில் இல்லை. கல்லில் பெயர் பெறாத பணியாளருள் அவளே முதல்வி. பட்டியலில் மகப்பெறுவித்தல் அறம் என்று எழுதியவர்கள் அதனைச் செய்தவளுக்கு ஒரு கலம் நெல்லும் கல்வெட்டில் வகுத்திலர் என்பது நெஞ்சை உறுத்துகின்றது.

19-ஆம் நூற்றாண்டில் இந்நிலை சென்னையில் மாறத் தொடங்கிற்று. எழும்பூரில் 1844-இல் பிள்ளைப்பேற்று மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அது 1882-இல் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. துபாஷித் தொழிலாலும் வணிகத்தாலும் பொருளீட்டிய சவலை இராமசாமி முதலியார் 1880-இல் இராயபுரத்தில் பிள்ளைப்பேற்று மருத்துவமனை அமைய உதவினார். சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு எதிரே வழிப்போக்கர்க்குச் சத்திரம் எடுத்தவரும் அவரே. ஒரே வணிகர் சத்திரமும் கட்டி மகப்பேற்று இல்லமும் கண்டமையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பழைய அறமாகிய சத்திரத்தின் பக்கத்திலே, பட்டியலில் மட்டும் இருந்த மகப்பெறுவித்தல் என்னும் அறமும் கல்லும் சுண்ணமுமாக எழுந்தது. அம்மருத்துவமனை இன்று அவர் பெயரோடு அரசு மருத்துவமனையாக, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து நடைபெறுகின்றது.

ஆடவர் மருத்துவரிடம் செல்ல மறுத்த மகளிரின் துயரை நேரிற் கண்ட மேரி ஷார்லீப் அம்மையார், 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் மகளிர் நால்வருள் ஒருவர். அவர் இலண்டனில் பட்டம் பெற்று மீண்டு, 1885-இல் சாதிக் கட்டுப்பாடும் கோஷா வழக்கமும் உடைய மகளிர்க்கென மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அதற்கு வேங்கடகிரி அரசர் முதலியோர் பெருங்கொடை உதவினர். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் இன்று விளங்குவது அதுவே. அதே 1885-இல் டஃப்ரின் சீமாட்டியின் நிதியும் நாடளாவத் தோன்றியது.

இவை யாவும் பெருங்கொடைகள். பெருங்கொடையின் இயல்பு கட்டடத்தை எழுப்புவது, பெயரை நிறுத்துவது. கட்டில் போட்ட பின்னர் நாள்தோறும் வேண்டுவன பால், துணி, எண்ணெய், மருந்து, செவிலியர் கூலி. இவை ஒருமுறை கொடுத்து முடிவன அல்ல. திருமுக்கூடல் கல்வெட்டை எழுதியோர் இரவு விளக்குக்கு எண்ணெய் வரை வகுத்தது இவ்வுண்மையை அறிந்தேயாம். சென்னை மருத்துவமனைகளின் நாட்செலவை ஏற்பதற்கு இடையறாத ஊற்று வேண்டியிருந்தது. அவ்வூற்றாக அமையத்தக்க மகமை அப்போது மதுரை, இராமநாதபுரப் பகுதிகளில் கோயிலுக்கும் பள்ளிக்கும் பாய்ந்துகொண்டிருந்தது. கட்டடம் ஓரிடத்தும் ஊற்று வேறோரிடத்துமாக இருந்தன. எனவே அரசு அம்மருத்துவமனைகளை ஏற்று நடத்தவேண்டியதாயிற்று. அது நன்மையே எனினும், கடைத்தெருவுக்கும் மகப்பேற்று அறைக்கும் இடையே உருவாகியிருக்கக்கூடிய உறவு உருவாகாமலே நின்றது.

வேலூரில் நிகழ்ந்தது வேறு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இன்மையால் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டு மருத்துவம் பயின்ற ஐடா ஸ்கடர் அம்மையார், 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலோடு பணி தொடங்கினார். நியூயார்க்கைச் சார்ந்த செல் என்னும் வங்கிச் செல்வர் தம் மனைவியின் நினைவாக அளித்த பொருளால் 1902-இல் 40 கட்டில் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. அப்பள்ளியும் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியும் உள்ளிட்ட ஏழு நிறுவனங்களுக்காக 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் திருச்சபைப் பெண்கள் நிதி திரட்டினர். ராக்பெல்லர் நிதியம் 10 இலட்சம் டாலர் தர இசைந்தது. ஆனால் பெண்கள் தாமே 20 இலட்சம் டாலர் சேர்த்தல் வேண்டும் என்று விதித்தது. அவர்கள் சிறுதொகைகளாகத் தண்டி அதனை நிறைவேற்றினர். கொடுத்தவரும் பெண்டிர், தண்டியவரும் பெண்டிர், எதற்கென உறுதிசெய்தவரும் பெண்டிர். விருதுநகர்ப் பிடியரிசிக்கும் இதற்கும் அளவில் வேறுபாடு உண்டு. ஆயினும் முறை ஒன்றே. செலவை உறுதிசெய்த அவை எது என்பதே வேறு.

தமிழ்நாட்டில் அவ்வவைக்குள் பெண் குரல் புகுந்தது 1927-இல். புதுக்கோட்டையில் பிறந்து சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அவ்வாண்டு சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் தனி மருத்துவ வசதி வேண்டுமென வாதிட்டார். அவர் பெயரால் 1987-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய மகப்பேற்று உதவித் திட்டம் ஏழைத் தாய்மார்க்கு நேரே பொருளுதவி செய்வது. அவ்வுதவி 2011-இல் 12,000 ரூபாயாகவும் 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மகப்பெறுவித்தலும் மகவு வளர்த்தலும் இவ்வாறு அரசுக் கணக்கில் தலைப்புப் பெற்றன.

மகமையின் உரிமையாளர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. கடைக்காரர் தம் ஊதியத்தினின்றும் கொடுப்பது மகமை என்பது பொதுக்கருத்து. விலைச்சீட்டில் சரக்கின் விலைக்குக் கீழே மகமை எனத் தனிவரி எழுதி, அத்தொகையை வாங்குவாரிடமே பெறும் வழக்கமும் உண்டு. வடநாட்டில் இதனைத் தர்மாதா என்பர். இத்தொகை வணிகரின் வருமானமாகுமா, அதற்கு வரி உண்டா என்னும் வழக்கு ஒரு பஞ்சாலையின் பொருட்டு இந்திய உச்சநீதிமன்றம் வரை சென்றது. அறத்துக்கென்று குறித்து வாங்கப்பட்ட தொகை வணிகர் கையில் அடைக்கலப் பொருளே, அவர் வருமானம் ஆகாது என 1970-களின் இறுதியில் தீர்ப்பாயிற்று. வழக்கு வரியைப் பற்றியது. ஆனால் தீர்ப்பில் அடங்கிய உண்மை அறவரலாற்றுக்கு உரியது. கொடையாளி வணிகர் அல்லர், வாங்குவாரே. பிரான்மலையில் மஞ்சட்பொதியின்மீது விழுந்த பகுடியையும் இறுதியில் கொடுத்தவள் மஞ்சள் வாங்கியவளே யன்றோ?

இந்நோக்கில் மகமைக் கணக்கேடுகளை மீண்டும் படித்தல் வேண்டும். பேட்டைகளிலும் உறவின்முறை அலுவலகங்களிலும் உள்ள ஏடுகளின் வரவுப் பக்கத்தை மட்டும் வணிக வரலாற்றார் நோக்கினர். செலவுப் பக்கத்தில் கோயிலையும் பள்ளியையும் மட்டும் சமுதாய வரலாற்றார் தேடினர். உப்பும் புளியும் மிளகும் வாங்கிய மகளிர் கைக்காசு எவ்வெவ்வழிச் சென்றது என்று தலைப்பிட்டு அப்பக்கங்களைப் படிக்கும் மாணவர், மருத்துவச்சி கூலி, பால், பிள்ளைத்துணி என்னும் சொற்கள் எந்த ஆண்டில், எந்த ஊர் ஏட்டில் முதன்முதல் தோன்றுகின்றன என்று குறித்துக்கொள்வாராக. பேறுகாலப் பணி ஊரவையின் செலவாக ஏற்கப்பட்ட நாள் அவ்வரியில் எழுதப்பட்டிருக்கும்.